கரை எந்தப் பக்கம் வளைகிறது? வரைபடத்தில் ஆறும் மலையும் தேடுபவர்களின் கேள்விகள்

டோப்போ ஷீட் (உயரக்கோடுகளோடு நில அமைப்பைக் காட்டும் சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள்), செயற்கைக்கோள் படம், கிராமப் புலப்படம் இவற்றை வைத்துக்கொண்டு ஓடை, ஏரி, மலைமுதுகு, பழைய ஆற்றுத்தடம் என்று தேடிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு இங்கே. நில அளவையிலும் நிலத்தடி நீர்ப் பணியிலும் பழகியவர்கள் பதில் சொல்கிறார்கள்.

டோப்போ ஷீட்டில் பழுப்புக் கோடுகள் 'வி' மாதிரி வளைகின்றன. அது பள்ளமா, முதுகா என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம். முதுகு என்று நம்பி ஏறி, வழுக்குப்பாறை ஓடைக்குள் மாட்டிக்கொண்டோம்.
– மலையேற்றக் குழுவினர், தேனி

உங்கள் குழப்பம் பொதுவானது. காரணமும் எளிது: 'வி'யின் வடிவத்தை மட்டும் பார்க்கிறீர்கள், எண்ணைப் பார்ப்பதில்லை. பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கிறது; அதன் மேலுள்ள எண்தான் அந்த உயரம். பள்ளத்துக்கும் முதுகுக்கும் வடிவம் ஒன்றேதான். 'வி'யின் கூர்முனை உயரமான எண் இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஓடைப்பள்ளம். தாழ்ந்த எண் பக்கம் நீட்டினால் முதுகு.

கிளம்புவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டியது இது. முதலில் தாளின் ஓரத்தில் கோட்டு இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள உயர வித்தியாசம், எவ்வளவு என்று பாருங்கள். 1:50,000 தாளில் மலைப்பகுதி என்றால் பெரும்பாலும் 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடிமனாக இருக்கும். அதாவது தடிமன் கோட்டிலிருந்து தடிமன் கோட்டுக்கு 100 மீட்டர் ஏற்றம். அடுத்து நீலப் பென்சிலால் ஓடைகளை மட்டும் கீழிருந்து மேலாக வரையுங்கள். அச்சில் ஓடைக்கோடு முடிந்த இடத்தோடு நிறுத்த வேண்டாம். 'வி' வளைவு மறையும் வரை கொண்டுபோங்கள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவே முதுகை வரையுங்கள். சிவப்பு எங்கேயும் நீலத்தை வெட்டக் கூடாது. வெட்டினால் எங்கோ தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

இரண்டு ஓடைகள் சேரும் இடம் இன்னொரு சாட்சி. 'ஒய்' எழுத்தின் ஒற்றைக் கால் நீளும் பக்கம்தான் கீழ்ப்பக்கம். கோட்டு எண் அழிந்துபோன ஜெராக்ஸ் பிரதியிலும் இதை வைத்துச் சரிவின் திசையைச் சொல்லிவிடலாம்.

சரிவின் கடுமையையும் அளந்துவிடுங்கள். 1:50,000 தாளில் 2 சென்டிமீட்டர் என்பது 1 கிலோமீட்டர். அந்த 2 சென்டிமீட்டருக்குள் ஐந்து கோட்டு இடைவெளி ஏறினால் பத்துக்கு ஒன்று (பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம்), நடக்கலாம். அதே ஏற்றம் 4 மில்லிமீட்டருக்குள் நெருக்கியிருந்தால் இரண்டுக்கு ஒன்று. ஏறுவது கடினம். பிடிஎஃப்-ஐ அச்செடுக்கும்போது 'தாளுக்குள் பொருத்து' என்று கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். ஸ்கேலை எடுத்து ஓரத்திலுள்ள அளவுகோல் பட்டையை முதலில் அளந்து பாருங்கள்.

வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறுகையில் முதுகுகள் ஒன்றோடொன்று சேரும், எதைப் பிடித்தாலும் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். இறங்குகையில் அவையே பிரியும்; பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு தப்பு வழி உண்டு. ஏறும்போதே அந்தப் பிரிவுகளில் நின்று திரும்பிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடை இதற்கு நேர்மாறு, இறங்க இறங்கச் சேரும். அதனால்தான் வழி தெரியாதவர்கள் ஓடையோடு இறங்கப் பார்க்கிறார்கள், கடைசியில் அருவி உச்சியில் போய் நிற்கிறார்கள். ஓடைக்கோட்டின் குறுக்கே பழுப்புக் கோடுகள் ஒட்டி ஒட்டிப் போகும் இடம் அருவியாக இருக்கலாம். ஆனால் 20 மீட்டருக்குக் குறைவான வீழ்ச்சி இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். தாளில் இல்லை என்பதால் தரையில் இல்லை என்றாகாது.

பழைய அங்குலத் தாள் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) கையில் இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. 1:63,360 என்று போட்டிருந்தால் உயரமெல்லாம் அடிக்கணக்கு. 3,000 என்பது மீட்டரில் 914 மட்டுமே. இதையெல்லாம் செய்வதற்கு முன் வனத்துறை அனுமதியை வாங்கிவிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் மலையே இல்லை. தாள் முழுக்க ஒன்றோ இரண்டோ பழுப்புக் கோடுதான். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மாணவர்களுக்கு எதை வைத்துச் சொல்வது?
– ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

கண்மாய்க் கரையை வைத்துச் சொல்லுங்கள். தமிழகச் சமவெளியில் அதைவிட நல்ல சரிவுமானி கிடையாது.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை சுமார் நூறு கிலோமீட்டர். நிலம் இறங்குவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். ஒரு தாளின் பக்கமோ 27 கிலோமீட்டர் சொச்சம். அப்படியானால் 20 மீட்டர் இடைவெளிக் கோடு ஒரு தாளில் எத்தனை விழும்? நீங்கள் சொன்னதுபோல ஒன்றோ இரண்டோதான். செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கிப் பார்த்தாலும் பெரிதாகப் பயனில்லை. 2000 பிப்ரவரியில் விண்கல ரேடார் 11 நாள் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் சில மீட்டர் பிழை சகஜம். பனந்தோப்பின் தலையைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிப்போகும்.

கண்மாய்க் கரையை வெட்டியவர்களுக்கோ அந்த ஒரு மீட்டர் தெரிந்திருந்தது. தண்ணீர் வரும் பக்கத்தைத் திறந்துவிட்டு, இறங்கும் பக்கத்தை வளைத்துக் கட்டினார்கள். ஆகவே தாளில் கண்மாய்க் கரை பிறைபோலத் தெரியும். பிறையின் குழிந்த பக்கம் உள்வாய். மேட்டிலிருந்து வரத்துக்கால் வந்து விழும் இடம். புடைத்த பக்கம் தாழ்வு; மடை வழியாகத் தண்ணீர் போய் ஆயக்கட்டு வயல்கள் விரியும் இடம்.

வகுப்பில் இப்படிச் செய்து பார்க்கலாம். தாளில் பத்துக் கண்மாய்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கரை நடுவிலிருந்தும் புடைத்த பக்கமாக ஓர் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அம்புகள் ஏறக்குறைய ஒரே திசை காட்டும். பிறகு கரையின் இரு முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மிகைநீர் வெளியேறும் கலுங்கு பெரும்பாலும் ஒரு முனையை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து புறப்படும் மறுகால் அடுத்த கண்மாயின் உள்வாயில் போய்ச் சேரும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஏழெட்டுக் கண்மாய்கள் சங்கிலியாகக் கிடைக்கும். வட மாவட்டத்துத் தாள் என்றால் ஏரி, கலங்கல் என்று சொல்லுங்கள், கணக்கு ஒன்றுதான்.

கரையருகே '3ஆர்' என்பதுபோல எண்ணும் ஆங்கில எழுத்தும் அச்சாகியிருந்தால் அது கடல் மட்ட உயரம் அல்ல. பக்கத்துத் தரையைவிடக் கரை 3 மீட்டர் உயரம் என்று பொருள். மாணவர்கள் இதைக் கடல் மட்ட உயரமாக எடுத்துக்கொண்டு "டீச்சர், இங்கே பெரிய பள்ளம்" என்பார்கள்.

அம்பு ஒன்று மட்டும் எதிர்த்திசை காட்டினால் உடனே தப்பு என்று அழித்துவிட வேண்டாம். இரண்டு ஓடைகளுக்கு நடுவிலுள்ள மேட்டைத் தாண்டிவிட்டீர்களா என்று பாருங்கள். அல்லது அது கண்மாயே இல்லை. நான்கு பக்கமும் கரை கட்டிய ஊருணியாகவோ செங்கல் சூளைக்குத் தோண்டிய பள்ளமாகவோ இருக்கலாம். அவற்றின் கரை சரிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

பாலாற்றைத் தாளில் பார்த்தால் நீலமே இல்லை. கறுப்புக் கோடு, நடுவே புள்ளிகள். பிழையா?
– கல்லூரி மாணவர், வேலூர்

பிழை இல்லை. டோப்போ ஷீட்டில் நீலம் என்றால் தண்ணீர் நிற்கும் அல்லது ஓடும் இடம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் ஓடையும் ஆறும் கறுப்பில் வரும், புள்ளிகள் மணலைக் குறிக்கும். மணற்பரப்பின் நடுவே மெல்லிய நீலக் கோடு நெளிந்தால் சர்வே நடந்த காலத்தில் அங்கே தண்ணீர் ஓடியது என்று அர்த்தம். ஏரிக்கும் இதே விதிதான். சர்வே நடந்த ஆண்டு தாளின் அடியில் இருக்கும், அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னைப் புறநகரில் மனை வாங்கப் போகிறோம். அந்த இடம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, குரோம்பேட்டை

பெயரில் தொடங்குங்கள், ஆனால் பெயரோடு நின்றுவிடாதீர்கள். தாங்கல், ஏந்தல், ஏரி, குட்டை, மடு, மதகு, கலங்கல் என்று ஊர்ப்பெயரிலோ தெருப்பெயரிலோ வந்தால் காது நிமிர வேண்டும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே? நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க் எங்கே? இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடந்தது பழைய மாம்பலம்–நுங்கம்பாக்கம் ஏரி. 1920-களில் அதன் தண்ணீரை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரி கிடந்த பரப்பில்தான். பழைய படம் கையில் இல்லாவிட்டாலும் இரண்டு தெருப்பெயர்களை வைத்தே ஏரியின் நீளத்தை ஓரளவு மட்டுக்கட்ட முடிகிறது.

ஆனால் மனை விற்பவர் போன வருஷம் வைத்த 'லேக் வியூ கார்டன்' கணக்கில் வராது. பெயர் பழையதா என்று உறுதியாக வேண்டும்.

அடுத்தது வருவாய்த் துறை ஆவணம். தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் அ-பதிவேட்டு விவரமும் (ஒவ்வொரு புலமும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) புலப்படமும் கிடைக்கும். உங்கள் புல எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். சுற்றிலும் உள்ள எட்டுப் பத்து எண்களையும் போட்டுப் பாருங்கள். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் என்று வருபவற்றைக் கிராம வரைபடத்தில் நீலம் தீட்டுங்கள். ஒரு வாய்க்கால் எண் உங்கள் மனையின் ஒரு பக்கம் வந்து முட்டி, மறுபக்கம் மீண்டும் தொடங்கினால் நடுவில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டிய நேரம் அது. நகர எல்லைக்குள் டவுன் சர்வே எண் வேறாக இருக்கும்; பழைய புல எண் எது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் 1980-களில் நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப்பதிவுப் புதுப்பிப்புக்கு முந்தைய அ-பதிவேட்டையும் பாருங்கள். நன்செய், புன்செய் வகைப்பாடும் பேசும்: நன்செய் என்றால் பாசனம் இருந்தது, பாசனம் இருந்தால் மேலே எங்கோ ஓர் ஏரி இருந்தது. நீங்கள் அதன் கரைக்குக் கீழே இருக்கிறீர்களா, உள்வாயில் இருக்கிறீர்களா என்பதே கேள்வி. உள்வாய் என்றால் தண்ணீர் வந்து நிற்கும். கரைக்குக் கீழே என்றால் கலங்கல் எந்தப் பக்கம் பாய்ந்தது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கூகுள் எர்த் புரோவில் பழைய படங்களைக் காட்டும் கடிகாரப் பொத்தான். கிடைப்பதிலேயே பழைய படத்துக்கும், மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த படங்களுக்கும் போங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை ஒட்டிய படம் உங்கள் பகுதிக்கு இருந்தால் அதிர்ஷ்டம். கோடைப் படத்தை மட்டும் பார்த்து "காய்ந்த நிலம்தானே" என்று முடிவு கட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

கடைசியாக நேரில் போங்கள். காலி மனையில் கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கிறதா, தெருவைவிட மனை எத்தனை அடி தாழ்வு, பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க்கறை எந்த உயரத்தில் என்று பாருங்கள். லாரி லாரியாகக் கொட்டிய மண் என்றால் அரையடி தோண்டினாலே கட்டட இடிசலும் பிளாஸ்டிக்கும் வரும். அதற்கு அடியில் கறுத்த வழவழப்பான வண்டல் இருந்தால், பெயரும் ஆவணமும் சொன்னதை மண்ணும் சொல்லிவிட்டது. இந்த நான்கில் இரண்டு ஒத்துப்போனாலே முன்பணம் கொடுப்பதை நிறுத்திவைப்போம் என்பது எங்கள் கருத்து.

ஊரில் ஆறே கிடையாது. ஆனால் கிணறு வெட்டினால் 25 அடியில் ஆற்று மணல் வருகிறது. பழைய ஆறு ஓடியிருக்குமா? எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா?
– விவசாயி, திருவள்ளூர் மாவட்டம்

உங்கள் மாவட்டத்தில் நிச்சயம் கேட்க வேண்டிய கேள்விதான். பாலாறு ஒரு காலத்தில் காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலை ஆற்றுப் பகுதி வழியாகக் கடலுக்குப் போனது என்பது புவியியலாளர்களின் முடிவு. கொசஸ்தலைக்கே விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு என்ற பெயர் உண்டு. அப்படிப் புதைந்த மணலில் தேங்கிய நீரை நம்பித்தான் பூண்டி, தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று சென்னைக் குடிநீருக்கான கிணற்று வயல்கள் அமைந்தன. மீஞ்சூரில் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது.

ஆனால் உங்கள் கிணற்றில் வந்தது ஆற்று மணல்தானா என்பதை முதலில் பார்ப்போம். ஒரு படி மணலை எடுத்து, தண்ணீர் தெளியும் வரை நாலைந்து தடவை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பிக் காயவிடுங்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பு மழுங்கிய மணிகள், பெரிதும் சிறிதுமாகக் கலந்து, உருண்ட கூழாங்கல்லும் இருந்தால் ஆறு. எல்லா மணியும் ஒரே அளவு, கிளிஞ்சல் துண்டு, கறுப்புப் பொடிமணல் என்றால் பழைய கடற்கரை. மணிகள் கூர்கூராக, அபிரகம் (மைக்கா) மின்னி, சில மணிகள் நகத்தால் நசுக்கினாலே மாவானால் அது ஆறும் அல்ல, கடலும் அல்ல; அடிப்பாறை உளுத்து அதே இடத்தில் மணலானது. கிணறு வெட்டுபவர்களே பல நேரம் இதை ஆற்று மணல் என்று சொல்லிவிடுகிறார்கள். இன்னும் பத்தடி போனால் அதே நிறத்தில் பாறை வந்து உண்மையைச் சொல்லும்.

ஆறுதான் என்று தெரிந்தால், இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குறைந்தது பத்துக் கிணறுகளை விசாரியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று எண்கள் வேண்டும்: மணல் எத்தனை அடியில் தொடங்கியது, எத்தனை அடி கனம், அடியில் களியா பாறையா. கிராம வரைபடத்தில் கிணறு இருக்கும் புள்ளியில் எழுதுங்கள். மணல் கண்ட கிணறுகள் பட்டையாக, வளைந்து வளைந்து வரிசைப்பட்டு, பட்டைக்கு வெளியே களி மட்டும் வந்தால் தடம் கிடைத்துவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் அவசரப்படாதீர்கள்.

பிறகு மார்ச் முதல் மே வரை எடுத்த செயற்கைக்கோள் படத்தை அந்தப் பட்டையோடு ஒப்பிடுங்கள். சுற்றிலும் காய்ந்திருக்க, புதைந்த தடத்தின் மேல் பசுமை நீளமாகத் தங்கியிருக்கும். ஏமாற்றக்கூடியவை இரண்டு. கால்வாய்க் கசிவும் இப்படியே பச்சைக் கோடு போடும். ஒருவருடைய போர்வெல் பாசனமும் போடும். ஆனால் அது வயல் வரப்போடு கத்தரித்ததுபோல நின்றுவிடும். ஆற்றுக்கு வரப்பு தெரியாது.

ஆழியாறு எங்கள் பக்கத்திலிருந்து மேற்கே கேரளாவுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் ஆறுகள் கிழக்கே ஓடும் என்றுதானே படித்தோம்?
– பள்ளி மாணவி, பொள்ளாச்சி

பாடத்தில் படித்தது பெரும்பான்மைக்குச் சரி. உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே விட்டுக்கொடுத்திருப்பதால் நீர்பிரிமேடு மலை உச்சியில் இல்லை, கண்ணுக்கே தெரியாத மெல்லிய மேடாகச் சமவெளியில் கிடக்கிறது. அதற்கு ஒரு பக்கம் விழுந்த மழை நொய்யல் வழியாகக் காவிரிக்குப் போகிறது. மறுபக்கம் விழுந்தது ஆழியாற்றோடு பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் அரபிக்கடலை அடைகிறது. டோப்போ ஷீட்டில் கிழக்கே போகும் ஓடைகளின் தலைமுனைகளுக்கும் மேற்கே போகும் ஓடைகளின் தலைமுனைகளுக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். எந்த ஓடையையும் வெட்டாமல் போட முடிந்தால் அதுதான் அந்த மேடு.

பழைய தாளில் எடுத்த ஆயத்தொலைவைச் செல்போனில் போட்டால் சுனை இருக்கும் இடம் தள்ளிக் காட்டுகிறது. சில நேரம் எங்கேயோ வெகுதூரம் போய்விடுகிறது.
– வாசகர், திண்டுக்கல்

கொஞ்சம் தள்ளுவதும் வெகுதூரம் போவதும் வெவ்வேறு நோய்.

நூறு, இருநூறு மீட்டர் தள்ளினால் காரணம் அடிப்படை அளவை. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை வைத்து வரையப்பட்டவை, செல்போன் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொதுக் கணக்கைப் பின்பற்றுகிறது. தாளிலும் தரையிலும் ஐயமில்லாமல் தெரியும் ஒன்றை, கோயில் கோபுரத்தையோ ரயில்பாதைச் சந்திப்பையோ எடுத்து எவ்வளவு, எந்தத் திசையில் தள்ளுகிறது என்று அளந்து, அதே அளவைச் சுனைக்கும் கொடுங்கள். கோபுரம் ஒன்றோடு விடாமல் இன்னொன்றிலும் சரிபார்க்க வேண்டும். அல்லது சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் பதிவு செய்து, பொதுமக்களுக்கென்று வெளியிடும் ஓப்பன் சீரிஸ் தாளை இறக்கிக்கொள்ளுங்கள், அது டபிள்யூ.ஜி.எஸ். 84-லேயே இருக்கிறது.

வெகுதூரம் போவது திண்டுக்கல்காரர்களுக்கென்றே வாய்த்த தொல்லை. யூ.டி.எம். என்பது உலகை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் கட்டமுறை; அதன் மண்டலம் 78 பாகைத் தீர்க்கரேகையில் மாறுகிறது. அந்த ரேகை உங்கள் ஊரை உரசிக்கொண்டு போகிறது. ஊர் 43-ஆம் மண்டலம், கிழக்கே கொஞ்சம் நகர்ந்தால் 44. மதுரை 44-தான். மண்டல எண்ணைத் தப்பாகக் கொடுத்தால் செயலி உங்களைச் சில நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும். ஓப்பன் சீரிஸ் தாளின் எண் சி43 என்று தொடங்குகிறதா, சி44 என்றா என்பதைப் பார்த்தால் மண்டலம் தெரிந்துவிடும்.

கொடைக்கானல் பக்கம் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. அந்த ஊர் நான்கு தாள்களின் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. பழைய எண்ணில் 58 எஃப்/7, 8, 11, 12. ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் ஏரியைத் தாண்டியதுமே தாள் முடிந்துவிடும். நான்கையும் ஓரம் வெட்டி ஒட்டி எடுத்துப் போங்கள்.